பெயர் வரும்வரை

சாலிகிராமம், சென்னை
12.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி முத்துராஜா எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மேகமலையில் சாரல் பிடித்திருக்கும். எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கும் குவார்ட்டர்ஸுக்கும் நடக்கும்போது வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொள். ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நல்ல செய்தி. நான் வேலை பார்த்த படம் அடுத்த மாதம் வெளியாகிறது. பெயர் ‘அக்காவுக்கு அப்புறம்’. பெயரைப் பார்த்து ஏதாவது நினைத்துக்கொள்ளாதே, டைரக்டர் வைத்தது. காதலும் சிரிப்பும் கலந்த கல்யாணக் கதை. சண்டை இல்லை, ரத்தம் இல்லை. ‘கூடுதல் வசனம்’ என்று என் பெயர் போடுகிறார்கள். ஆனால் முன்னால் வராது. படம் முடிந்து, எல்லாரும் எழுந்து போன பிறகு, சின்ன எழுத்தில் ஓடும்.

அதனால் நீ சிரமப்பட்டு மலை இறங்கிப் பார்க்க வேண்டாம். தீபாவளிக்கு வரும்போது லேப்டாப்பில் நானே போட்டுக் காட்டுகிறேன். நீ மாதம் ஒரு தடவை மருந்து வாங்கச் சின்னமனூர் இறங்கும்போது போனில் சொல்லியிருக்கலாம். பேச ஆரம்பித்தால் உன் பஸ் கிளம்பிவிடுகிறது. மேலே சிக்னலும் கிடையாது. அதனால்தான் கடிதம்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
முத்து


மேகமலை
23.6.2025

அன்புத் தம்பி முத்துவுக்கு,

அக்கா பாண்டீஸ்வரி எழுதிக்கொள்வது. நானும் என் முழங்காலும் ஒருவாறு நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை போனில் உன் குரல் இளைத்திருந்தது.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே படித்துவிட்டேன். ஊசிக்கு நின்ற ராமுத்தாயிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிட்டது. “நம்ம சிஸ்டர் தம்பி படம் எடுத்திருக்காகளாம்” என்று பேசிக்கொள்கிறார்கள். எடுக்கவில்லை, எழுதினான் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? சின்ன எழுத்தென்றால் என்ன, கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பேன்.

கதை என்ன என்று நீ எழுதவே இல்லையே. கல்யாணத்தில் முடியுமா, கல்யாணத்தில் ஆரம்பிக்குமா?

சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பொங்கலுக்கு நீ சொன்னதை இன்னும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறார். “அக்காளக் கட்டிக் குடுக்காம நான் மணையில உக்கார மாட்டேன்னு சொன்னான் பாரு, அவந்தாண்டா தம்பி” என்று தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுச் சொல்கிறார். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, கஷ்டமாகவும் இருக்கிறது. எனக்கு முப்பத்தெட்டு, உனக்கு முப்பத்திரண்டு. எனக்காக நீ காத்திருக்காதே. பிடித்த பெண் இருந்தால் சொல். பழக்கம் பழக்கம் என்று எத்தனை நாளைக்கு?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


சென்னை
3.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? ராமுத்தாய் அக்காவைக் கேட்டதாகச் சொல்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஹீரோவுக்கு ஒரு காதலி. அவன் வீட்டில் ஓர் அக்கா. அக்காவுக்கு முடித்த பிறகுதான் தம்பிக்கு என்பது நம் வீட்டைப் போல அவர்கள் வீட்டுப் பழக்கம். அவன் அக்காவுக்கு மாப்பிள்ளை தேடி அலைகிறான். வழியெல்லாம் கலாட்டா. கடைசியில் எல்லாருக்கும் கல்யாணம். அவ்வளவுதான்.

இதெல்லாம் ஜனங்களைச் சிரிக்க வைக்க எழுதுவது. ஹீரோ பக்கம் நின்று பார்த்தால்தான் படம் ஓடும். அக்கா பக்கம் நின்று பார்த்தால் அழுகைப் படம் ஆகிவிடும் என்று டைரக்டர் சொல்வார்.

பதினொன்றாம் தேதி ரிலீஸ். திரும்பவும் சொல்கிறேன், மழையில் இறங்கி வராதே. பிடித்த பெண் என்று கேட்டிருந்தாய். இப்போது அதற்கெல்லாம் ஏது நேரம்?

முத்து


சென்னை
6.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஒன்றாம் தேதி வாக்கில் சின்னமனூர் இறங்கியிருப்பாய், போனும் வரவில்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். “நல்லாத்தான் இருக்கா, வேல சாஸ்தி” என்றார்.

படம் சுமாராக ஓடியது. நம் பக்கம் நன்றாகவே ஓடியதாம். யாராவது பார்த்துவிட்டு வந்து ஏதாவது சொன்னார்களா? ஒரு காட்சியைப் பற்றி உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நேரில் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். பெரிய விஷயம் இல்லை.

இரண்டு வரி எழுதிப் போடு.

முத்து


மேகமலை
21.8.2025

அன்புத் தம்பி முத்துவுக்கு,

நலம். உன் நலத்துக்கு அங்கே ஆள் இருக்கும் என்று நம்புகிறேன்.

இங்கே காய்ச்சல் சீசன். யானை இரண்டு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வந்து பலா மரத்தை ஒரு வழி பண்ணிவிட்டுப் போயின. அதனால் எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

ஒரு வரன் வந்திருக்கிறது. சின்னமனூரிலிருந்து இங்கே மேலே பஸ் ஓட்டி வருகிறாரே மலைச்சாமி, அவர்தான். மனைவி இறந்து ஐந்து வருஷம். பிள்ளைகள் இல்லை. சித்தப்பா மூலமாகக் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அநேகமாகச் சரி என்று சொல்வேன்.

உனக்குச் சமைத்துப் போடுவது யார்? காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவது யார்? தெரிந்துகொள்ளலாம் என்று கேட்கிறேன். என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் எழுது. எதுவானாலும் எழுதலாம். அக்கா நர்ஸ், எதையும் பார்த்துப் பயப்பட மாட்டேன்.

அக்கா


சென்னை
1.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்துக் கை கால் ஓடவில்லை. பஸ் டிரைவரா? நீ படித்த படிப்பென்ன, பார்க்கிற வேலையென்ன. நாள் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு, பான்பராக் வாயோடு வளைவில் வண்டி திருப்புகிற ஆளுக்கு வாழ்க்கைப்பட வேண்டுமா? யாரோ படத்தைப் பற்றிச் சொல்லித்தான் நீ இப்படி முடிவெடுத்திருக்கிறாய். எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா வியர்த்து உட்கார்ந்ததும் நீ காபித் தட்டை வைத்துவிட்டு பிபி மிஷினை எடுத்துவந்து பட்டை கட்டினாயே. “உப்பக் கொறைங்க, இந்தக் கோவத்தோட போனா பக்கவாதம் வந்துரும்” என்று சொல்லப்போய், ‘சம்பந்தம் பேச வந்த இடத்துல சாபம் விடுறா’ என்று அவர்கள் எழுந்து போனார்களே. நீயே சிரிக்கச் சிரிக்க எனக்குச் சொன்ன கதை. அதை ஒருநாள் டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன். டைரக்டர் பிடித்துக்கொண்டார். படத்தில் அந்த அக்காவையும் நர்ஸாகவே வைத்துவிட்டார்கள். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. படத்திலேயே அதற்குத்தான் அதிகக் கைதட்டல், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே சுருக்கென்கிறது. மன்னித்துவிடு அக்கா.

ஆனால் அதற்காக, எனக்கு வழிவிடுவதற்காக, நீ யாருக்கோ கழுத்தை நீட்ட வேண்டாம். எனக்கு எந்த அவசரமும் இல்லை. சத்தியமாக இல்லை.

முத்து


மேகமலை
16.9.2025

அன்புத் தம்பி முத்துவுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. எங்களுக்குத் தபால் பை மலைச்சாமி ஓட்டுகிற பஸ்ஸில்தான் வரும். அன்றைக்குத் தபால்காரர் லீவு. அதனால் நீ எழுதியதை அவரே கொண்டுவந்து என் கையில் கொடுத்து, “மெட்ராஸ்ல இருந்து தம்பி எழுதிருக்காக” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். பிரித்துப் படித்த பிறகு என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் பான்பராக் போடுவதில்லை. பிரசவத்துக்குப் பெண்களைக் கீழே கொண்டுபோகும்போது ஒரு வளைவில்கூட உடம்பு குலுங்காமல் ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்து குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்திருப்பவள் நான், எனக்குத் தெரியும்.

படத்தை யாரும் வந்து சொல்லவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டேன். எஸ்டேட்டில் வேன் பிடித்து இருபது பேர் இறங்கினோம். ராமுத்தாய் எல்லாருக்கும் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள்.

நல்ல சிரிப்புப் படம். பிபி மிஷின் வந்ததும் தியேட்டரே புரண்டு சிரித்தது. ராமுத்தாயும் சிரித்தாள். அந்தக் கதையை அவளிடமும் நான் சொல்லியிருக்கிறேன் என்பது பாதிச் சிரிப்பில் ஞாபகம் வந்து, என்னைத் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று நான் சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் எங்கள் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆக, உன் காட்சிக்கு எங்கள் வரிசையில் குறை இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். படத்தில் அந்த வழுக்கைத் தலைக்காரன் அக்காவுக்குத் தாலி கட்டியதும் ஹீரோ விசிலடிக்கிறான். தியேட்டரும் விசிலடிக்கிறது. தம்பிக்கு லைன் கிளியர் ஆகிவிட்டது. ஆனால் மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று அந்த அக்காவை முதலிலிருந்து கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை. கடைசிவரை இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

உன் கடிதத்திலும் தேடிப் பார்த்தேன். டிரைவரா என்று கேட்டிருக்கிறாய். எனக்காகவா என்று கேட்டிருக்கிறாய். பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை. உனக்காக என்று யார் சொன்னது? எனக்குப் பிடித்திருக்கிறது.

தை மாதம் கல்யாணம். வேறு ஏதாவது எழுத வேண்டியிருந்தால் எழுது.

அக்கா


சென்னை
2.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தீபாவளிக்கு வராமல் இருந்ததற்கு வேலை காரணம் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். வேலை இல்லை. உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஒன்றரை மாதமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். சினிமாவுக்கு ஒரு நாளில் பத்துப் பக்கம் எழுதுகிறவனால் இந்த ஒரு வரியை எழுத முடியவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது அக்கா.

அவள் பெயர் ஜெபஷீலா. எடிட்டிங்கில் வேலை பார்க்கிறாள். தூத்துக்குடிப் பக்கம். அவள் வீட்டில் வேறு இடத்தில் நிச்சயம் பண்ணப் பார்த்தார்கள். ரிஜிஸ்டர் ஆபீஸில் முடித்துக்கொண்டோம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பொங்கலுக்கு சித்தப்பா வீட்டில் நான் மணையில் உட்கார மாட்டேன் என்று சொன்னேனே, அப்போதே எனக்குக் கல்யாணம் ஆகி நாலு மாதம். எல்லாரும் முதுகைத் தட்டினார்கள். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

‘தம்பியே முந்திக்கிட்டான், அப்ப அக்காகிட்ட என்ன கொறையோ’ என்று ஊர் பேசும், உனக்கு வருகிற வரனும் தட்டிப்போகும் என்றுதான் மறைத்தேன். முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அது எனக்கு வசதியாகிவிட்டது. நீ கல்யாணம் ஆகிப் போனால் எதையும் சொல்லாமலே சமாளித்துவிடலாம் என்று, அந்த ஹீரோவைப் போலவே, உனக்கு மாப்பிள்ளை வருமா என்று காத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்துக்கு வசனம் எழுத எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

நீ மலைச்சாமி அண்ணனைப் பற்றி எழுதியதைப் படித்து வெட்கப்பட்டேன். பிடித்திருக்கிறதா என்று கேட்காதவன் நான்தான். நீ என்ன திட்டினாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

முத்து


மேகமலை
28.11.2025

அன்புத் தம்பி முத்துவுக்கு,

மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டதால் பத்து நாள் பஸ் ஓடவில்லை. உன் கடிதம் முந்தாநாள்தான் கிடைத்தது. நலம்.

எனக்குத் தெரியும்.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். “வாங்க சிஸ்டர், வேன் காத்துக் கெடக்கு” என்று ராமுத்தாய் கையைப் பிடித்து இழுத்தாள். எந்தம்பி பேரு வரணும்னு சொல்லி, அவளை முன்னால் போகச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெருக்குகிற அம்மா வந்து என் காலடியில் பெருக்கிவிட்டுப் போனாள்.

திரையில் ஒரு பக்கம் பெயர்கள் ஓடின. மறுபக்கம் படத்தில் வேலை செய்தவர்களின் கல்யாணப் போட்டோக்கள். டைரக்டர் கல்யாணம், கேமராக்காரர் கல்யாணம் என்று ஒவ்வொன்றாக வந்தது. நல்ல யோசனை என்று நினைத்தேன். அப்புறம் நீ வந்தாய். கழுத்தில் ரோஜா மாலை. பக்கத்தில் பச்சைப் புடவையில் ஒரு பெண். அந்தப் பக்கம் ‘கூடுதல் வசனம்’ என்று உன் பெயர் எப்போது வந்து எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் போனேன், பார்க்கவில்லை.

வேனில் ஏறியதும் “பேரு வந்துச்சா?” என்று கேட்டார்கள். பெருசா வந்துச்சு என்றேன். மலை ஏறுகிற வரைக்கும் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள்.

நீயாகச் சொல்வாய் என்று அன்றிலிருந்து காத்திருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் கதவைத் திறந்து வைத்தேன். சத்தியமாக அவசரம் இல்லை என்று நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். கல்யாணம் பண்ணியதற்கு இல்லை. உனக்கு முன்னால் எனக்கு என்ற பழக்கத்தை நான் கேட்டேனா? என்னிடம் சொல்லியிருந்தால் நானே வந்து மாலை எடுத்துக் கொடுத்திருப்பேன். இனி அந்த இடத்தில் நான் நிற்க முடியாது. அதுதான் ஆறவில்லை.

அந்தப் போட்டோவை ஏன் கொடுத்தாய் என்று மட்டும் புரியவில்லை.

பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சடிக்கக் கொடுத்தது புரட்டாசியில். உன் கடிதத்துக்காகக் காத்திருந்தால் தை தாண்டிவிடும் என்று நானே பெயர் போட்டுவிட்டேன். அவள் பெயர் அந்தப் போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்தது. சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கத்தினார். இப்போது “அந்தப் புள்ள கறி திங்குமா?” என்று கேட்கிற அளவுக்கு இறங்கிவிட்டார். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வர வேண்டியது நீ. ஆரத்தி எடுக்க வேண்டியது உன் பெண்டாட்டி. அவளுக்குப் பழக்கம் இருக்காது, கற்றுக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் எழுது. உன் கல்யாணம் எந்தத் தேதி? அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அக்கா


சென்னை
8.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அப்படி எழுத இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

பத்திரிகையில் ‘தம்பி முத்துராஜா – ஜெபஷீலா’ என்று இருந்ததை அவள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். போட்டோவை நான் கொடுக்கவில்லை அக்கா, அவள் கொடுத்தாள். வேண்டாம் என்று சண்டை போட்டேன். “வேற எங்கயும்தான் நான் உங்க பொண்டாட்டி இல்ல, அந்த ஒரு எடத்துலயாவது இருந்துட்டுப் போறேன்” என்றாள். யாரும் பார்க்க மாட்டார்கள், பெயர் ஓடும்போது ஜனங்கள் எழுந்துவிடுவார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். என் பெயருக்காக ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது தினமும் எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி, என்னை நிற்கவைத்து ஆரத்தி சுற்றிப் பழகுகிறாள். இரண்டு முறை என் சட்டையில் கொட்டிவிட்டாள். மாலை போடும்போது மலைச்சாமி மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்பேன். எதற்கு என்று அவருக்குத் தெரியாமல் இருந்தால் நீயும் சொல்லிவிடாதே.

நீ கேட்ட தேதி, போன வருஷம் செப்டம்பர் ஆறு, வெள்ளிக்கிழமை.

அன்றைக்கு நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும். மருந்து வாங்கச் சின்னமனூர் இறங்கியிருந்தாய். மத்தியானம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எனக்குப் போன் போட்டாய். நாங்கள் ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து வந்து, நண்பர்களோடு ஹோட்டலில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். “சாப்பிட்டியாடா?” என்று கேட்டாய். சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன் என்றேன். பின்னால் எல்லாரும் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “என்னடா அங்கன சத்தம், கல்யாண வீடு மாதிரி?” என்று கேட்டாய்.

ஷூட்டிங் என்றேன்.

“சரி சரி, வேலையப் பாரு, நல்லாச் சாப்புடு” என்று சொல்லி நீ வைத்துவிட்டாய்.

தம்பி,
முத்து